நான்காவது ஓரம்

போர்வையின் மூன்று ஓரங்களுக்குப் பட்டி வைத்துத் தைத்தாகிவிட்டது. நான்காவது ஓரம் மட்டும், உறங்குகிறவரின் பிரிந்த உதடுகளைப்போல், மேல்துணி ஒருபுறமும் அடித்துணி ஒருபுறமுமாக மிஷின் பலகையின் விளிம்பில் தொங்கிக்கொண்டிருந்தது. மிதிபலகையின்மேல் வைத்த காலை விசாலாட்சி எடுக்கவும் இல்லை, அழுத்தவும் இல்லை. மின்சாரம் போனதில் காற்றாடி ஓய்ந்து, அதன் ஓசையில் இதுவரை மூடுண்டு கிடந்த வேறு ஓசைகள் ஒவ்வொன்றாக வெளியே வந்தன. அடுத்த தெருவின் பனியன் கம்பெனியில் எதையோ இழுக்கும் சத்தம், குழாயின் சொட்டு, தன் மூக்கில் தானே மூச்சு விடும் சத்தம். காலையில் அக்கா மகள் மேகலா தொலைபேசியில் அழைத்திருந்தாள். ‘ஏனுங் சித்தி, டாக்டரம்மாவைப் பாத்துட்டு அப்படியே வந்தர்றனுங். போர்வை ஆயிருச்சுங்களா?’ ‘ஆயிருச்சம்மிணி, ஓரம் மட்டுந்தான்.’ ‘அந்த ஓரத்தைய எத்தனை மாசமாச் சொல்லீட்டிருக்கறீங்கோ! எம்பட பிள்ளை பள்ளிக்கூடம் போறப்பவாவது குடுத்தர்றீங்களா?’ என்று சிரித்தாள். சிரிப்பின் முடிவில் ஒரு மூச்சு வாங்கினாள். அந்த மூச்சுத்தான் இன்னும் காதில் நிற்கிறது. நாளைக்கு அவளைப் பிரசவத்துக்கு மருத்துவமனையில் சேர்க்கிறார்கள். முதல் பிள்ளை மூச்சில்லாமல் பிறந்தபோது அதைச் சுற்றுவதற்கு வீட்டுத் துணி ஒன்றும் கையில் இல்லை. மருத்துவமனையின் பச்சைத் துணியில் சுற்றிக் கொடுத்தார்கள். ‘அதுக்கு நம்ம துணிகூட இல்லாமப் போச்சுங் சித்தி’ என்று அன்று அவள் அழாமல் சொன்னாள். பிறந்த பிள்ளையைப் புதுத்துணியில் கிடத்துவதில்லை. கட்டிப் பழகிய உடம்பின் துணி வேண்டும், தாய்வழித் துணியானால் மேலும் நல்லது. மேகலாவின் தாய் ரங்காத்தாளோ போய்விட்டாள். ஆகவே ரங்காத்தாளின் பழஞ்சேலைகளைத் துண்டுகளாக்கி ஓர் ஒட்டுப்போர்வை தைத்துத் தருவதாகச் சொன்னவள் விசாலாட்சிதான், ரங்காத்தாளின் தங்கை, கல்யாணம் கூடிவராமலே வயதாகிப்போனவள், பனியன் கம்பெனியில் முடிந்த உருப்படிகளைப் பிரித்துப் பார்த்துக் குற்றம் கண்டு ஒதுக்கும் வேலையிலேயே கண்ணைத் தேய்த்தவள். அந்தக் கண்தான் இப்போது வேண்டாத ஒன்றைப் பார்த்துவிட்டது. திறந்த ஓரத்திற்கு அருகில், கடைசி வரிசையில், கத்தரிப்பூ நிறத்தில் மஞ்சள் கோடு ஓடும் ஒரு கட்டத்துணி.

எப்போது அதை அங்கே வைத்தோம்? வைத்தது தன் கைதான்; வேறு யார் இந்த வீட்டில் ஊசி எடுக்கிறார்கள்? மற்றத் துண்டுகள் எல்லாம் தெரிந்தவை. இந்த இலைப்பச்சை, அக்கா சந்தைக்குக் கட்டிப் போனது. இந்த வெளுத்த நீலம், மாமியார் வீட்டுச் சண்டையில் முந்தி கிழிந்தது. காப்பிக்கொட்டை நிறம், மேகலாவின் சீருக்கு எடுத்தது. ஒவ்வொன்றும் கைபட்டவுடன் தன் பெயரைச் சொல்லிவிடுகிறது. இது மட்டும் சொல்லவில்லை. விரலை வைத்தாள். பங்குனி வெயிலில் சுவரெல்லாம் கொதிக்கும்போது இந்தத் துண்டு மட்டும் பானையின் அடிப்பக்கம்போல் சில்லென்று இருந்தது. விரலை எடுத்தாள். மறுபடி வைத்தாள். சில்லிப்பு துணியிலா, விரலிலா? பக்கத்துப் பச்சையில் வைத்துப் பார்த்தாள். பச்சை வெதுவெதுப்பாக இருந்தது. பருத்தியில் நூலின் முறுக்கு வேறானால் குளிர்ச்சி வேறாகத் தெரியும், அதில் அதிசயம் ஒன்றுமில்லை என்று கம்பெனியில் புதிதாக வரும் பெண்களுக்குச் சொல்வதுபோலத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டாள். சொல்லி முடிக்கும் முன்பே அக்கா இறந்த மறுநாளின் காலை நேரம், துணிக்கடையின் இரும்புக் கதவு பாதி தூக்கியபடி, எதிரில் வந்து நின்றுவிட்டது. அன்று கடைக்காரர் அப்போதுதான் ஊதுவத்தி ஏற்றியிருந்தார். ‘வாங்கக்கா, மொதப் போணி, நல்லா எடுங்க’ என்றார். சாவுக்குக் கோடி எடுக்க வருகிறவர்கள் வாசலிலேயே சொல்லிவிடுவார்கள். சொன்னால் கடைக்காரர்கள் வாங்க என்று சொல்வதில்லை, விலை பேசுவதில்லை, மடித்துப் பையில் போடுவதில்லை. அவள் சொல்லவில்லை. இறந்தவள்மேல் போர்த்துவதற்குப் பிறந்த வீட்டிலிருந்து ஒரு சேலை போகவேண்டும்; பிறந்த வீடு என்று மிஞ்சியிருந்தது அவள் ஒருத்திதான்; அதை வாய்திறந்து சொல்லிவிட்டால் அக்கா உண்மையிலேயே போய்விடுவாள் என்பதுபோல வாயை மூடிக்கொண்டு நின்றாள். அடுக்கிலிருந்து எதையோ காட்டினாள், எதையென்று பார்க்கவில்லை. அவர் விரித்து, அளந்து, வழக்கம்போல், ‘ஜாக்கெட் பிட்டை வெட்டிக் குடுத்தரட்டுங்களாக்கா?’ என்றார். வழக்கம்போல் அவளும் தலையசைத்தாள். எத்தனை வருஷத்துப் பழக்கம்! சேலை எடுத்தால் ரவிக்கைத் துண்டைக் கடையிலேயே பிரித்து வாங்கிவிடுவது. கத்தரி கரகரவென்று ஓடியது. முழுதாகப் போகவேண்டிய கோடி குறையாகப் போயிற்று. அதன் மீதி, மடிப்புக் கலையாமல், அவள் பையின் அடியில் அவளோடு வீடு திரும்பிற்று. அது பையில் இருந்ததை அவள் பார்த்தாளா? பார்த்து எடுத்து வைத்தாளா? எடுத்து எங்கே வைத்தாள்? அக்காவின் சேலைகளை மேகலா மூட்டையாகக் கட்டிக் கொடுத்தனுப்பிய நாளில் அதுவும் இதுவும் ஒரே அலமாரியில், ஒரே தட்டில், ஒன்றன்மேல் ஒன்றாக இருந்திருக்க வேண்டும். இருட்டில் துணிகள் ஒன்றோடொன்று என்ன பேசிக்கொள்ளும் என்று யாருக்குத் தெரியும்.

பிரித்துவிடலாம். ஒரு துண்டைப் பிரித்தெடுக்க எவ்வளவு நேரமாகும்? கத்தரியின் முனையைத் தையலுக்குக் கீழே கொடுத்தாள். கொடுத்த கை அப்படியே நின்றது. எடுத்த இடத்தில் ஒரு பள்ளம் விழும். பள்ளத்தில் வேறொன்றை வைக்கவேண்டும். அந்த வேறொன்றும் அதே அலமாரியிலிருந்துதான் வரவேண்டும். அதோடு, பிரித்துத் தைத்தால் போர்வை முடிந்துவிடும். உண்மை அதுதானே? அவள் பயப்படுவது இந்தத் துண்டுக்கு மட்டுமா? கட்டிலுக்கு அடியில் டிரங்குப் பெட்டியில் முடியாத போர்வைகள் கிடக்கின்றன. கம்பெனித் தோழி சாந்தாமணிக்கென்று தொடங்கியது ஒன்று, கரூரிலிருக்கும் அத்தை மகனுக்கு ஒன்று, தனக்கென்று ஒன்று. எல்லாவற்றிலும் மூன்று ஓரம் மூடி, நான்காவது திறந்திருக்கிறது. சாந்தாமணி எப்போது வந்தாலும் பெட்டியை உதைத்துப் பார்த்துவிட்டு, ‘ஏனக்கா, என்னைய மூடறதுக்கு முன்னால இதைய மூடுவீங்களா, மாட்டீங்களா?’ என்பாள். ‘சும்மா இருடி, கூறு கெட்டவளே’ என்று இவள் சிரிக்காமல் சொல்வாள். சோம்பேறித்தனம் என்கிறார்கள், கண் மங்கிவிட்டது என்கிறார்கள். சொல்லிக்கொள்ளட்டும். சாந்தாமணி உயிரோடு இருக்கிறாள். கரூர்க்காரர் நெஞ்சைக் கிழித்து வைத்தியம் பார்த்தும் உயிரோடு இருக்கிறார். விசாலாட்சி ஒரே ஒரு போர்வையைத்தான் முடித்தாள், அது அக்காவுக்கு. அக்கா ஆசுபத்திரிக் கட்டிலில் வெடவெடவென்று நடுங்கிக்கொண்டு கிடந்தாள். மருந்து ஏறும்போதெல்லாம் எலும்புக்குள் குளிர்கிறதென்றாள். ‘ஆச்சாடி விசாலு?’ ‘ஆயிட்டே இருக்குதக்கா.’ ‘நீ எதைய முடிச்சே, இதைய முடிக்கறதுக்கு? உம்பட சடைப்பின்னலையே பாதியில விட்டுட்டுப் பள்ளிக்கூடம் ஓடுவே.’ கேட்டுக்கொண்டே இருந்தாள். கேட்டுக்கொண்டே இருந்தவரைக்கும் இருந்தாள். கடைசியில் ஒரு பகல், விடாமல் மிதித்து, நான்காவது ஓரத்தை மூடி, நூலைப் பல்லால் கடித்தபோது, அந்தச் சின்ன ‘டிக்’கோடு ஒட்டியபடியே தொலைபேசி மணி அடித்தது. கடித்த நூல் நாக்கில் இருந்தது. நூலைத் துப்பிவிட்டுத்தான் ‘அலோ’ என்றாள்.

அது தற்செயல். ஆயிரம் பேர் ஆயிரம் நூலைக் கடிக்கிறார்கள், ஆயிரம் மணி அடிக்கிறது. சரி, தற்செயல் என்றால் கரூர்க்காரரின் போர்வையை இப்போதே எடுத்து முடித்துவிடேன் பார்க்கலாம் என்று உள்ளேயிருந்து ஒன்று கேட்டது. குரல் சாந்தாமணியுடையதுபோலவும் இருந்தது, அக்காவுடையதுபோலவும் இருந்தது. அவள் எழுந்தாள். முடித்த அந்த ஒரு போர்வை, அக்காவின் உடம்பைத் தொடாமலே திரும்பி வந்தது, பீரோவின் அடித்தட்டில் வெள்ளை வேட்டியில் பொதிந்து கிடந்தது. அன்று வைத்ததை இன்றுவரை எடுத்ததில்லை. ஏன் இப்போது எடுக்கிறோம் என்று தெரியாமலே எடுத்தாள். வேட்டியின் முடிச்சு இறுகிக் கிடந்தது, நகம் மடங்கிற்று. பிரித்து உதறியபோது வேப்பிலைச் சருகு பொடியாக உதிர்ந்தது. போர்வை ஒரு மூச்சு இழுத்ததுபோல் உப்பி, பிறகு தரையில் படிந்தது. கட்டங்களை ஒவ்வொன்றாகப் பார்த்துக்கொண்டு வந்தவள், நடுவரிசையில் நின்றாள். கத்தரிப்பூ நிறம். மஞ்சள் கோடு. குனிந்து பார்த்தாள், கண்ணாடியைத் துடைத்துக்கொண்டு பார்த்தாள், போர்வையைத் திருப்பி வைத்துப் பார்த்தாள். அதேதான். ஆனால் இந்தப் போர்வை முடிந்தபிறகுதானே அக்கா போனாள். அக்கா போனபிறகுதானே அவள் கடைக்குப் போனாள். கடைக்குப் போனபிறகுதானே அந்தத் துணி இந்த வீட்டுக்குள் வந்தது. வராத துணி எப்படி முன்னாலேயே வந்து உட்கார்ந்திருக்கிறது? தலைக்குள் ஏதோ ஒன்று தன் தண்டவாளத்தை விட்டு இறங்கியது. கைகள் மட்டும் பழக்கத்தால் வேலை பார்த்தன. பழையதைக் கிள்ளிப் பார்த்தது ஒரு கை, புதியதைக் கிள்ளிப் பார்த்தது ஒரு கை. அக்காவிடம் இப்படி ஒரு சேலை இருந்திருக்க வேண்டும். அதன் கிழிசலை வெட்டி இதில் வைத்திருக்க வேண்டும். வைத்ததை மனம் மறந்தும் கை மறக்காமல், அன்று கடை அடுக்கில் நூற்றுக்கணக்கான சேலைகளுக்கு நடுவில், அதே கட்டத்தைத் தேடித் தொட்டிருக்க வேண்டும். அவள் பார்க்கவில்லை, கை பார்த்தது. அப்படியானால் மேகலாவின் போர்வையில் இருப்பது எது? அக்கா கட்டிக் கசங்கிய சேலையா, பிணத்தின்மேல் போட்டதன் மீதியா? ஒன்று பிள்ளையைக் காக்க வந்தது, மற்றது, நினைக்கக்கூடாது. கட்டிய துணி என்றால் துவைத்துத் துவைத்து மெலிந்திருக்கும். கோடியென்றால் கஞ்சி மொடமொடப்பு போகாது. இதைக் கண்ணைக் கட்டிவிட்டாலும் சொல்வாள். சொல்லிப் பார்த்தாள். விரல் ஒருமுறை மெலிவு என்றது, ஒருமுறை கஞ்சி என்றது. மூக்கில் வைத்து முகர்ந்தாள். ஊதுவத்தி வாசனை வந்தது. பக்கத்து வீட்டில் ஏற்றியிருப்பார்கள். பிற்பகலில் யார் ஏற்றுகிறார்கள்?

கதவு தட்டும் சத்தம் கேட்டதும் பழைய போர்வையைக் காலால் கட்டிலுக்கு அடியில் தள்ளினாள். ‘ஏனுங் சித்தி, கதவைத் தெறந்தே போட்டுட்டு உள்ள என்னங் பண்றீங்கோ?’ மேகலா வாசற்காலைப் பிடித்துக்கொண்டு, வயிற்றை முன்னால் விட்டுப் பின்னால் நடந்து வருகிறவள்போல் மெல்ல வந்தாள். ‘அவரு கீழ வண்டியிலயே உக்காந்துட்டாருங். சீக்கிரம் வான்னு ஆரனை அமுக்கிட்டே இருப்பாரு பாருங்க, மாட்டு வண்டிக்காரனாட்டம்.’ விசாலாட்சி அவளை உட்காரவைத்து மோர் கொடுத்தாள். மேகலாவின் முகம் வீங்கி, கண்ணுக்குக் கீழே கறுத்திருந்தது. ‘டாக்டரம்மா என்ன சொன்னாங்க?’ ‘எல்லாம் நல்லாத்தான் இருக்குதாமா. காத்தாலிருந்து அசைவுதான் இல்லைன்னு சொன்னனுங். தூங்கும், இனிப்பு ஏதாச்சும் சாப்புடு, பாக்கலாம்னாங்க. துடிப்பு கேக்குதாமா.’ அதை மழை வருமா வராதா என்று சொல்வதுபோல் சொன்னாள். ஆனால் மோர் டம்ளரைப் பிடித்திருந்த விரல் நுனிகள் வெளுத்திருந்தன. பிறகு அவள் பார்வை மிஷின்மேல் போயிற்று. ‘இதுங்களா!’ எழுந்துபோய்ப் போர்வையின் தொங்கும் பகுதியை இரண்டு கைகளாலும் அள்ளினாள். கத்தரிப்பூ நிறத்தில் போய்க் கன்னத்தை வைத்துக்கொண்டாள், அவ்வளவு துணிக்கு நடுவில் அதில் போய். ‘அம்மாவோட சீலை! நான் எட்டாவது படிக்கறப்பக் கட்டுவாங்க, தெரியுங்களா? இதைய மறந்தே போயிட்டனுங்.’ விசாலாட்சியின் நெஞ்சுக்குள் ஏதோ அவிழ்ந்தது. அவிழ்ந்த கணமே மேகலா தொடர்ந்தாள். ‘கடைசியா அம்மா மேல போட்ட கோடிகள்ல ஒண்ணும் இதே கலருதானுங். ஆரு எடுத்தாங்களோ, அம்மாளுக்குப் புடிச்சதையே எடுத்திருக்கறாங்களேன்னு அன்னிக்கு அழுகையிலயும் நெனச்சனுங்.’ சொல்லிவிடலாம். இதோ, நாக்குக்கு வந்துவிட்டது. சொன்னால் அந்த முகம் என்ன ஆகும்? சொல்லாவிட்டால் அந்த வயிறு என்ன ஆகும்? ‘அம்மிணி, அந்த ஒரு துண்டை மாத்தி வெச்சுக் குடுத்தரட்டுமா? ஒரு நாள் பொறுத்துக்கறயா?’ ‘ஐயோ, எதை வேணும்னாலும் மாத்துங்க, அதைய மட்டும் தொட்டறாதீங்க சித்தி. நாளைக்கு அட்மிட்டாகறேன். இதில்லாம நான் போக மாட்டனுங். போன தடவ மாதிரி...’ கீழே ஆரன் அடித்தது.

விசாலாட்சி மிஷினுக்கு முன் உட்கார்ந்தாள். மேகலா பக்கத்தில் முக்காலியில் உட்கார்ந்து, தைத்து வரும் பகுதியைத் தன் வயிற்றின்மேல் இழுத்துப் போட்டுக்கொண்டாள். பட்டியை மடித்து விளிம்பில் பொருத்தி, மிஷினின் அழுத்துபாதத்தை இறக்கி, மிதித்தாள். ஊசி இறங்கி ஏறியது. பிரிந்த உதடுகள் ஒவ்வொரு விரற்கடையாக மூடிக்கொண்டு வந்தன. உள்ளே எதையோ வைத்து மூடுகிறோம் என்று தோன்றிற்று, எதை என்று தோன்றவில்லை. பிள்ளையின் மூச்சையா? மிதி நின்றது. ‘தைங்க சித்தி.’ ‘அசையுதா?’ ‘இல்லைங்.’ மிதித்தாள். கத்தரிப்பூத் துண்டு ஊசிக்கு அருகே வந்தது. அதன்மேல் போகும்போது மிஷினின் ஓசை மாறியது, ஈரத்துணியின்மேல் போவதுபோல் மந்தமாயிற்று, பிறகு தெளிந்தது. ‘அசையுதா?’ ‘நீங்க வேற, என்னைய விட நீங்கதான் பயந்துக்கறீங்கோ.’ முனைக்கு இன்னும் கையகலம். இன்னும் விரலகலம். இந்த மிதியோடு முடிந்துவிடும். இந்த மிதிக்குப் பிறகு நூலை அறுப்பதைத் தவிர வேறு வேலை இல்லை. ஊசி முனையில் இறங்கி நின்றது. அப்போது மேகலா ‘ஆ’ என்றாள். விசாலாட்சி திரும்பவில்லை, திரும்பினால் என்ன காண்போமோ என்று சக்கரத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். ‘ஒதைக்குதுங் சித்தி! போர்வைய ஒதைக்குது பாருங்க! கைய வைங்க, வைங்கன்னா!’ சித்தியின் கையைப் பிடித்து இழுத்து வயிற்றின்மேல் வைத்துக்கொண்டாள். துணிக்கு அப்பாலிருந்து ஒரு சிறு குமிழ் எழுந்து, உள்ளங்கையைத் துழாவி, அமிழ்ந்தது. மேகலா சிரித்தபடி அழுதாள். ஆரன் விடாமல் அடித்தது. ‘வந்துட்டனுங்கோ!’ என்று சன்னலைப் பார்த்துக் கத்தினாள். விசாலாட்சி பாதத்தைத் தூக்கி ஊசியை ஏற்றினாள். கத்தரி கையில் இருந்தது. மேகலா போர்வையைச் சுருட்டி மார்போடு அணைத்துக்கொண்டு எழுந்தாள், ‘வரட்டுங்களா சித்தி? நாளைக்கு வெடியால வந்துருங்க, என்ன?’ ‘போயிட்டு வா சாமி.’ நூல் ஊசியிலிருந்து மேகலா அணைத்திருந்த போர்வைக்கு ஓர் ஒளிக்கீற்றாக நீண்டிருந்தது. அறுக்கவேண்டும். கத்தரியின் இரண்டு இதழ்களும் நூலின் இருபுறமும் வந்து நின்றன. நின்றன. மேகலா கதவைத் தாண்டினாள்.

மேலே நூல்கண்டு சுழன்றது. கீழே பாபின் தன் கூட்டுக்குள் கடகடவென்று உருண்டது. தைக்கத் துணியில்லாத மிஷின் தானாகத் தைப்பதுபோல் இருந்தது. நூல் கூடத்தின் குறுக்கே போய், கதவோரம் உரசி, படியில் இறங்கியது. காரின் கதவு சாத்தும் ஓசை கேட்டது. நூல் கதவிடுக்கில் சிக்கி இப்போதே அறுந்துவிடும். அறுந்தால் அது அவள் அறுத்ததாகாது என்று நினைத்தாள். அறுந்துவிட்டால் யாரால் அறுந்தால் என்ன என்றும் நினைத்தாள். வண்டி கிளம்பியது. கண்டு ஒருமுறை உலுக்கி, வெறிபிடித்ததுபோல் சுற்றியது. பாபின் காலியாகி ஓசை அடங்கிற்று. வண்டி தெருமுனையில் திரும்பும் சத்தம் தெளிவாகக் கேட்டது, பிறகு பெரிய சாலையின் இரைச்சலில் கரைந்தது. கண்டு நின்றது. விசாலாட்சி நூலைத் தொடவில்லை. தொட்டுப் பார்த்தால் தொய்வா இழுப்பா என்று தெரிந்துபோகும். மின்சாரம் வந்து காற்றாடி முனகியது. அப்போது கண்டு மறுபடி அசைந்தது. காரின் வேகத்தில் இல்லை. கொஞ்சம் சுழன்று, கொஞ்சம் நின்று, மறுபடி கொஞ்சம் சுழன்று, யாரோ போர்வையைத் தோளில் போட்டுக்கொண்டு அவசரமில்லாமல் தெருவோடு நடந்து போவதைப்போல் நூல் போய்க்கொண்டிருந்தது. யார் என்று சன்னலுக்குப் போய்ப் பார்க்கலாம், அவள் போகவில்லை. கண்டில் மர வண்ணம் தெரிய ஆரம்பித்தது. நூல் தீரப்போகிறது. இழுப்பறையைத் திறந்து இன்னொரு கண்டை எடுத்தாள், நிறம் பார்க்கவில்லை. கடைசிச் சுற்று அவிழ்ந்து வால் விடுபட்ட கணத்தில் அதைப் பிடித்து, புதிய கண்டின் முனையோடு, தறிக்காரர்கள் போடுவதுபோல் சிறுமுடிச்சாகப் போட்டு, எச்சில் தொட்டு அழுத்திவிட்டாள். முடிச்சு நகர்ந்து நகர்ந்து ஊசியின் கண்ணருகே வந்து தயங்கியது. ஊசி இலேசாக வளைந்தது, வளைந்த நிலையிலேயே சற்று நின்றது, பிறகு நிமிர்ந்தது. முடிச்சு கண்ணைத் தாண்டிப் போயிருந்தது. புதிய கண்டு சுழலத் தொடங்கியதும், அவள் இழுப்பறைக்குள் கையைவிட்டு அடுத்த கண்டைத் தேடினாள்.